அட்டையின் இரண்டு பக்கங்கள்

1

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் போட்டிருந்த சோவியத் புத்தகக் கண்காட்சி ஒன்றில் நான் வாங்கியவை இரண்டு. ஒன்று, கார்க்கியின் 'தாய்'. மற்றது, மடிப்பு உறைக்குள் அடுக்கி வைத்த 16 ஓவிய அஞ்சலட்டைகள். இரண்டும் சேர்ந்து இருபது ரூபாய்கூட ஆகவில்லை. பில் போட்டுக்கொண்டிருந்த தோழர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெறும் படம்தானே தோழர், இந்தக் காசுக்கு இன்னொரு புஸ்தகம் எடுத்திருக்கலாமே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அறிவு என்பது எழுத்தில் வருவது, படம் என்பது காலண்டரில் வருவது என்ற பாகுபாடு நம் இடதுசாரிகளிடம் அவ்வளவு வேரோடிப் போயிருந்தது. நானும் அந்த அட்டைகளைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் வாங்கினேன்.

பத்து வருஷம் கழித்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தபோது, கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள் படிக்க வரும் ஒரு இரவு வகுப்புக்கு அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். பாடம் முடிந்து பேசிக்கொண்டிருப்பதற்காக. இல்யா ரெப்பினின் 'வோல்காவில் படகிழுப்போர்' கைமாறிக் கைமாறிப் போயிற்று. பதினொரு பேர் நெஞ்சில் பட்டை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரை மணலில் ஒரு பெரிய படகை இழுத்துப்போகும் படம். 'உழைப்புச் சுரண்டல்' என்று தொடங்கலாமென்று நான் தயாராக இருந்தேன். அவர்கள் தொடங்கியதோ வேறு இடத்தில். "தோள்ல போடாம நெஞ்சுல ஏன் பட்டை போட்டிருக்கான்?" என்று ஒருவர் கேட்டார். "நெஞ்சுல போட்டாத்தான் உடம்பு கனத்தையே வச்சு இழுக்கலாம், பாரு, கை சும்மா தொங்குது" என்று இன்னொருவர் பதில் சொன்னார். எத்தனையோ தடவை பார்த்த படத்தில் அந்தத் தொங்கும் கைகளை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு, மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அட்டையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் படகுல யாரு இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அட்டையில் படகே கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில் தேடலே. தேடப் போனபோது அது படகோடு நிற்கவில்லை. படம் யாருடையது, பிரதி யாருடையது, பிரதி நன்றாக அச்சாவதும் மோசமாக அச்சாவதும் யாருடைய முடிவு என்று நீண்டுவிட்டது.

2

ரெப்பின் இந்த ஓவியத்தை 1870இலிருந்து 1873 வரை வரைந்தார். உயரம் 131.5 சென்டிமீட்டர், அகலம் 281 சென்டிமீட்டர். வோல்கா கரையில் போய்த் தங்கி, இழுப்பவர்களோடு பழகி, அவர்களில் பலரைத் தனித்தனியாக வரைந்து பார்த்தபின் செய்தது. முன்னால் வரும் கானின் என்ற மனிதர் பாதிரிப் பட்டம் பறிக்கப்பட்டவர். நடுவில் இருக்கும் இளைஞன் ஒருவன் மட்டும் பட்டையைத் தளர்த்திக்கொண்டு தலையை நிமிர்த்துகிறான். ருஷ்ய முற்போக்காளர்கள் இதைத் தங்களுடைய படமாகவே கொண்டாடினார்கள்.

ஆனால், படத்தை வாங்கியவர் ஜார் மன்னரின் மகன் விளாதிமிர் அலெக்சாந்திரோவிச். அது அவருடைய மாளிகையில் பில்லியர்ட்ஸ் அறையில் தொங்கியது. படகில் யார் இருந்தார்கள் என்பது எனக்கு அன்று தெரியாமலிருக்கலாம். படகில் இருந்தவர்களின் வீட்டுக்கே படம் போய்ச் சேர்ந்தது என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சுரண்டலின் சித்திரத்தைச் சுரண்டியவனே விலை கொடுத்து வாங்கி, அதன் முன்னால் பந்து உருட்டி விளையாட முடியும். மூலம் என்பது ஒரே ஒன்றாக இருக்கும்வரை அதை யார் பார்க்கலாம் என்பதும் ஒருவனுடைய விருப்பமே.

1873இல் வியன்னா உலகக் கண்காட்சிக்கு இந்த ஓவியம் போனது. அதே கண்காட்சியில் பரிசு பெற்றவற்றில் ஒன்று நம் பக்கத்திலிருந்து போனது: ரவிவர்மா வரைந்த, கூந்தலுக்குப் பூச்சரம் சூடும் நாயர் பெண்ணின் படம். இரண்டும் பிற்காலத்தில் மூலத்தைவிடப் பிரதிகளாலேயே அறியப்பட்ட ஓவியர்களுடையவை. இரண்டும் சந்தித்த வியன்னாதான் அஞ்சலட்டை பிறந்த ஊரும். 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு முதல் தபால் கார்டை வெளியிட்டது. எமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதற்குச் சொன்ன நியாயம் சிக்கனம்: உறையும் முகமனும் இல்லாத சின்னச் செய்திக்கு எதற்கு முழுக் கடிதத்தின் செலவு? ருஷ்யாவில் 1872இலும், காலனிய இந்தியாவில் 1879இல் காலணா விலையிலும் கார்டு வந்தது. கலைக்கும் அதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் கிடையாது. அரசு அச்சிட்ட வெறும் அட்டை; ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி.

படம் உள்ளே நுழைந்தது தனியார் அச்சகங்கள் வழியாக. ருஷ்யாவில் தனியார் கார்டு அச்சிட 1894இல் அனுமதி கிடைத்தது. தற்செயலாக, பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியதும் அதே 1894இல்தான். ஆனால், இரண்டும் போன திசை வேறு. ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் ஒலியோகிராஃபாக வீட்டுச் சுவருக்கும் பூஜை அறைக்கும் போனார்கள். ஜரிகை ஒட்டப்பட்டு, பொட்டு வைக்கப்பட்டு, மாலை போடப்பட்டார்கள். அங்கே பிரதி என்பது மூலத்தின் நிழல் அல்ல, அதுவே சாமி. அது அந்த ஓவியத்தின் பிரதி என்ற நினைப்பே யாருக்கும் வராது. ருஷ்யாவில் நடந்ததோ, 'இது இன்ன ஓவியர் இன்ன ஆண்டில் வரைந்து, இன்ன இடத்தில் இருக்கும் ஒரு மூலத்தின் பிரதி' என்று ஒவ்வொரு அட்டையும் தன்னைத்தானே அறிவித்துக்கொண்ட ஒரு முயற்சி.

3

பீட்டர்ஸ்பர்க்கில் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த 'புனித யூஜீனியா சமூகம்' என்றொரு செவிலியர் அமைப்பு இருந்தது. முதுமையும் நோயும் வந்து வேலையிலிருந்து நின்றுவிட்ட செவிலியர்களைப் பராமரிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதற்குப் பணம் திரட்ட 1898இல் ஓவியர் நிகலாய் கராஸினின் நீர்வண்ணப் படங்கள் நான்கை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றார்கள். இவான் ஸ்தெபானோவ் என்பவர் இந்த வேலையை நடத்தினார். சில ஆண்டுகளில் அலெக்சாந்தர் பெனுவாவும் 'கலை உலகம்' குழுவைச் சேர்ந்த பில்லிபின், லான்ஸெரே, தொபுஷின்ஸ்கி, அஸ்த்ரவூமவா-லெபெதெவா போன்றோரும் இதற்குள் வந்தார்கள். தங்கள் ஓவியங்களைக் கொடுத்ததோடு, ஹெர்மிதாஜ், திரெத்தியாகோவ் காலரி போன்ற இடங்களின் ஓவியங்களையும் தேர்ந்து அட்டையாக்கினார்கள். இருபது சொச்ச ஆண்டுகளில் 6,400க்கு மேற்பட்ட அட்டைகள், மொத்தம் 3 கோடிப் பிரதிகள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு சிறு செஞ்சிலுவை.

இதில் நம் கவனத்துக்குரியது அச்சுத்தரம். அக்காலத்தில் வண்ணப்படம் அச்சிட மூன்று வழிகள் இருந்தன. கல் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். பத்து வண்ணமென்றால் பத்துக் கல், பத்து தடவை ஓட்டம். கண்ணாடியின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்திலிருந்து எடுக்கும் முறையில் புள்ளிகளே இருக்காது, புகைப்படம்போல் சாயல் மெல்ல மெல்ல மாறும். ஆனால், ஓராயிரம் இரண்டாயிரம் பிரதிக்குள் படலம் தேய்ந்துவிடும். மூன்றாவது, படத்தைச் சிறு புள்ளிகளாக உடைத்து மூன்று வண்ணத்தில் அச்சிடும் பிளாக் முறை. எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் நுணுக்கமெல்லாம் புள்ளிகளுக்கிடையே கரைந்துபோகும். ஆக, மூலத்துக்கு விசுவாசமாக இருந்தால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை கூடினால் விசுவாசம் குறையும். இந்த முரண்பாட்டுக்குள் நின்றுகொண்டு, மலிவான ஒரு அட்டைக்கும் ஓவியர்களே அச்சகத்தில் உட்கார்ந்து வண்ணம் சரிபார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது யூஜீனியா சமூகத்தின் சாதனை.

இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. அரச குடும்பத்தின் ஆதரவில் நடந்த தர்மகாரியம் இது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆல்பம் வைத்திருந்த நடுத்தர வர்க்கம். வோல்கா கரையில் பட்டை மாட்டியவர்கள் இதை வாங்கியிருக்கப் போவதில்லை. ஆனாலும், மாளிகைக்குள் இருந்த ஓவியம் முதல் தடவையாக மூன்றாந்தர ரயில் பெட்டியில் தபால் மூட்டைக்குள் பயணம் போனது. இது சின்ன விஷயமில்லை.

4

1917 வந்தது. 1918 ஜூன் 3 அன்று திரெத்தியாகோவ் காலரி தேசியமயமாக்கப்பட்டது. அதே ஆண்டு ஷூக்கின், மரோஸவ் என்ற இரண்டு வணிகர்கள் சேர்த்துவைத்திருந்த மத்தீஸ், பிக்காசோ, செசான், வான்கா ஓவியங்களும் அரசுடைமையாயின. ரெப்பினின் படகிழுப்போர் பில்லியர்ட்ஸ் அறையிலிருந்து ருஷ்ய அருங்காட்சியகத்துக்குப் போயினர். யூஜீனியா சமூகத்தின் பதிப்பு வேலையும் 1920இல் புதிய பெயரோடு, கலை வெளியீடுகளைப் பரப்பும் குழுவாகத் தொடர்ந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அதுவும் நிறுத்தப்பட்டு, முப்பதுகளில் கலைப் பதிப்பு முழுக்க இஸோகிஸ் போன்ற அரசு நிறுவனங்களின் கைக்குப் போயிற்று.

1926 டிசம்பரில் மாஸ்கோ போன வால்ட்டர் பெஞ்சமின் இரண்டு மாதம் அங்கே இருந்தார். அருங்காட்சியகங்களில் தொழிலாளர்களும் குழந்தைகளும் கூச்சமில்லாமல் நடமாடுவது அவருக்கு ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. திரெத்தியாகோவ் காலரியில் ஒரு தொழிலாளி தன் வரலாற்றையே சுவரில் காண்கிறான் - சைபீரியாவிலிருந்து திரும்பும் அரசியல் கைதி, பணக்கார வணிகன் வீட்டுக்கு வேலைக்கு வரும் ஏழை ஆசிரியை - என்று அவர் எழுதினார். இதற்குப் பத்தாண்டு கழித்து வெளியான கட்டுரையில்தான், இயந்திரப் பிரதி ஓவியத்தின் ஒளிவட்டத்தை அழிக்கிறது, அந்த அழிவிலேயே ஒரு ஜனநாயகச் சாத்தியம் இருக்கிறது என்ற வாதத்தை முன்வைத்தார். நம் சிறுபத்திரிகைகளில் இந்த வாதம் பலமுறை எடுத்தாளப்பட்டுவிட்டது. அவர் அந்தக் கட்டுரையை எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அதே சோவியத் மண்ணில் நடந்த இன்னொன்றையும் அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. இயந்திரம் வாங்க வேண்டும். 1920களின் இறுதியில் ஹெர்மிதாஜின் ஓவியங்கள் ரகசியமாக வெளிநாட்டுக்கு விற்கப்படலாயின. எண்ணெய் வியாபாரி கலூஸ்த் குல்பெங்கியான் ரெம்பிராண்ட், ரூபன்ஸ் ஓவியங்களை வாங்கினார். 1930-31இல் ஆண்ட்ரூ மெல்லன் 21 ஓவியங்களை வாங்கினார். மொத்தம் சுமார் 66 லட்சம் டாலர். அதில் ராஃபேலின் 'ஆல்பா மடோனா' ஒன்றுக்கே 11,66,400 டாலர். யான் வான் ஐக், பொத்திசெல்லி, டிஷியன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மெல்லன் அப்போது வெறும் வங்கி முதலாளி அல்ல, அமெரிக்காவின் நிதியமைச்சர். 1933இல் வான்காவின் 'இரவு விடுதி'யும் இன்னொரு அமெரிக்கச் செல்வந்தரிடம் போயிற்று.

சோவியத் தொழிலாளிக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை. மக்களுக்கென்று தேசியமயமான சொத்து, மக்களின் பெயரால், மக்களுக்குத் தெரியாமல், முதலாளித்துவத்தின் நிதியமைச்சருக்கு விற்கப்பட்டது. அதே காலகட்டத்தில் அரசுப் பதிப்பகங்கள் தொழிலாளிக்கு மலிவாகப் பிரதிகளை அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. மூலம் மெல்லனுக்கு, பிரதி மக்களுக்கு.

இந்த இடத்தில் நமக்குள் ஒரு கேள்வி எழ வேண்டும். பிரதி பரவலாவது பங்கீடா, அல்லது பங்கீட்டுக்குப் பதிலாகக் கொடுக்கப்படுவதா? நிலம் கேட்டவனுக்கு நிலத்தின் படத்தைக் கொடுப்பதுபோல ஒன்றா இது?

அவசரப்பட்டு 'ஆமாம்' என்று சொல்லிவிட வேண்டாம். அந்தப் பணத்தில் டிராக்டர் தொழிற்சாலைக்கு இயந்திரம் வந்தது, பசியும் போர் அச்சமும் சூழ்ந்த நாட்டுக்கு ராஃபேலைவிட அதுதான் தேவை என்று வாதிடுபவர்கள் உண்டு. மெல்லனும் அந்த ஓவியங்களைக் கடைசிவரை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. வரி வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றைத் தேசத்துக்கு அளிக்க முன்வந்தார். 1941இல் வாஷிங்டனில் தேசிய கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஸ்பெயின் பிரபுக்களிடமிருந்து லண்டன் வழியாக 1836இல் ஜாரிடம் வந்த மடோனா, ஜாரிடமிருந்து மக்களிடமும், மக்களிடமிருந்து வங்கி முதலாளியிடமும், அவரிடமிருந்து இன்னொரு தேசத்தின் மக்களிடமும் போயிருக்கிறாள். பிரச்சினை விற்றதில் மட்டும் இல்லை. யாரைக் கேட்டு விற்றார்கள் என்பதில் இருக்கிறது.

5

என்னிடமிருந்த அட்டையின் பின்புறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோவியத் அட்டைகளின் பின்புறம் ஒரு சிறு ஆவணம். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அருங்காட்சியகம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சகம், விலை, எத்தனை பிரதி அச்சானது என்ற எண்ணிக்கை. பழைய அட்டைகளில் தணிக்கை அலுவலகத்தின் குறியீட்டு எண்ணும் இருக்கும். போர்க்கால அட்டைகளில் ராணுவத் தணிக்கை பார்த்தாயிற்று என்ற முத்திரையும் விழுந்திருக்கும். முன்புறம் கலை, பின்புறம் அரசு. சேகரிப்பவர்கள் முன்புறத்தைப் பார்க்கிறார்கள். வரலாறு பின்புறத்தில் இருக்கிறது.

அந்தப் பின்புறத்தில் எந்தப் பெயர்களெல்லாம் வரவில்லை என்பதும் வரலாறுதான். மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' 1915இல் வரையப்பட்டது. முப்பதுகளிலிருந்து பல பத்தாண்டுகள் கிடங்கிலேயே கிடந்தது. ஷூக்கின்-மரோஸவ் சேகரிப்பை வைத்து உருவான நவீன மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் 1948இல் கலைக்கப்பட்டது. ஓவியங்கள் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் பிரித்தனுப்பப்பட்டு வெகுகாலம் கண்ணில் படாமல் இருந்தன. இன்னொரு புறம், ரெப்பின், ஷீஷ்கின், சூரிக்கோவ், கிராம்ஸ்கோய் - இவர்கள் லட்சக்கணக்கில் அச்சானார்கள். 1863இல் அரசுக் கலைக்கழகத்தை எதிர்த்து வெளியேறிய மரபைச் சேர்ந்த கலைஞர்கள் இவர்கள். ஊர் ஊராகக் கண்காட்சியைக் கொண்டுபோனவர்கள். எந்த அரசுக் கலைக்கு எதிராக அந்த மரபு கிளம்பியதோ, அதே இடத்தில் அவர்களையே உட்கார வைத்துவிட்டார்கள். கலகம் பாடத்திட்டமானது. நமக்கும் இது தெரியாத கதை இல்லை. பெரியார் சிலையாவதும் பாரதி தபால்தலையாவதும் இந்தக் கதையில் சேரும்.

ஆனால், மேலாண்மை ஒருநாளும் முழுமையானது அல்ல. 1956இல் பிக்காசோ கண்காட்சி மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் நடந்தது. 1969இல் லெனின்கிராடில் அவ்ரோரா பதிப்பகம் தொடங்கியது. ஏற்றுமதியையும் மனதில் வைத்துப் பல மொழிக் குறிப்புகளோடு அது வெளியிட்ட உயர்தர அட்டைத் தொகுப்புகளில் மத்தீஸும் கொகேனும் வந்தார்கள். அந்த அட்டைகளில் சில மதுரை வரைக்கும் வந்தன. மத்தீஸின் 'நடனம்' எனக்கு அறிமுகமானது ஒரு சோவியத் அட்டை வழியாகத்தான். பாரிஸ் வழியாக அல்ல. சோஷலிச யதார்த்தவாதம் மட்டுமே கலை என்று வகுப்பெடுத்த அதே தோழர்களின் கடையில், அந்த வாதத்தை உடைக்கும் படங்கள் சில ரூபாய்க்குக் கிடைத்தன. விற்றவருக்கும் அது தெரியாது, வாங்கிய எனக்கும் அப்போது தெரியாது.

இன்னொரு சம்பவம். 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது ஹெர்மிதாஜின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் ரயிலேற்றி ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டன. திரும்பிவந்தால் மாட்டுவதற்கு வசதியாகச் சட்டங்கள் சுவரிலேயே விடப்பட்டன. முற்றுகைக்குள் சிக்கிய நகரத்தில், கட்டடத்தைச் சீர்படுத்த உதவிய படைவீரர்களுக்கு பாவெல் குப்செவ்ஸ்கி என்ற வழிகாட்டி அந்த வெற்றுச் சட்டங்களின் முன்னால் நின்று, அங்கே இருந்த ஓவியம் ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து விவரித்தார். மூலமும் இல்லை, அட்டையும் இல்லை. ஒரு மனிதனின் சொல்தான் பிரதி. தமிழில் 'பிரதி' என்ற சொல்லுக்கு நகல் என்றும் பொருள், வாசிக்கப்படும் எழுத்து என்றும் பொருள். அந்தக் கூடத்தில் இரண்டும் ஒன்றாக நின்றன.

6

இனி தரம் பற்றி. 'நல்ல பிரிண்ட் வேண்டும்' என்பதை ரசனை மேட்டிமை என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஏழைக்கு உள்ளடக்கம் போதும், அச்சு எப்படி இருந்தாலென்ன என்கிறோம். எத்தனை துண்டுப் பிரசுரங்களை இந்த நினைப்பில் மை அப்பி அடித்திருக்கிறோம்!

பல ஆண்டுகள் கழித்து அந்தப் படகிழுப்போரை ஒரு பெரிய கலைப் புத்தகத்தில், நல்ல அச்சில் பார்த்தேன். தொடுவானத்தருகே ஒரு சின்னப் புகைக்கீற்று தெரிந்தது. அது நீராவிப் படகு. என் அட்டையிலும் அது இருந்திருக்கிறது. அச்சுக் கறை என்று நினைத்திருந்தேன். 281 சென்டிமீட்டர் அகலம் 15 சென்டிமீட்டராகச் சுருங்கும்போது எல்லாம் ஏறக்குறைய 19இல் ஒரு பங்காகிவிடும். அதற்குமேல் புள்ளி அச்சில் ஒரு புகைக்கீற்று எங்கே மிஞ்சும்?

ஆனால், அந்தக் கீற்று இல்லாவிட்டால் படத்தின் பொருளே மாறிப்போகிறது. புகை இல்லாத படத்தில் இது ஆதிகாலத்துத் துயரம், மனிதவிதி, ருஷ்ய ஆன்மாவின் பொறுமை, பார்த்து உச்சுக்கொட்டலாம். புகை இருக்கும் படத்தில் இது 1870. இயந்திரம் வந்துவிட்டது, அதே ஆற்றில் ஓடுகிறது, ஆனாலும் மனித நெஞ்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வேலையைச் செய்ய இயந்திரம் இல்லாமல் இல்லை; அவர்கள் உடம்பு மலிவாகக் கிடைக்கிறது. சுரண்டலுக்கும் சோகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மில்லிமீட்டர் புகையில் இருக்கிறது. மோசமான அச்சு அதைத் துடைத்துவிட்டது. குவாரிக்கு ஜல்லி உடைக்கும் மிஷின் வந்திருந்தும் சம்மட்டியோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, நான் புகை இல்லாத படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்!

எனவே, தரம் என்பது அலங்காரமல்ல. எவ்வளவு தகவல் யாருக்குப் போய்ச் சேரலாம் என்ற அரசியல் முடிவு அது.

இதற்காக மூலத்தைக் கும்பிடவும் வேண்டாம். மூலமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. குயிஞ்சியின் 'தினீப்பர் ஆற்றின் மேல் நிலா இரவு' 1880இல் பீட்டர்ஸ்பர்க்கில் இருட்டறையில் விளக்கொளியில் தனி ஓவியமாகக் காட்டப்பட்டது. ஜனம் வரிசையில் நின்றது. படத்துக்குப் பின்னால் விளக்கு ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர் பயன்படுத்திய வண்ணங்கள் காலப்போக்கில் கறுத்துவிட்டன. ரெப்பினின் 'இவானும் மகனும்' 1913இல் கத்தியால் கிழிக்கப்பட்டு, 2018இல் மீண்டும் தாக்கப்பட்டு, செப்பனிடப்பட்டது. மூலம் என்பதும் கைகள் பலபட்ட ஒரு பிரதியே.

இப்போது நிலைமை வேறு. பல அருங்காட்சியகங்கள் தங்கள் ஓவியங்களை மிக நுணுக்கமான படங்களாக இணையத்தில் வைத்துவிட்டன. செல்போனில் இரண்டு விரலால் விரித்தால் புகைக்கீற்று உள்ளங்கை அளவுக்கு வருகிறது. இது பெரிய காரியம். இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், செல்போன் படத்துக்குப் பின்புறம் கிடையாது. எத்தனை பேருக்கென்று அச்சானது, விலை என்ன, யார் அனுமதித்தது என்று எதுவும் அதில் எழுதியிருக்காது. அந்தத் தகவல்கள் இல்லாமல் போய்விடவில்லை. நாம் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விட்டன. அட்டையில் தணிக்கைக்காரன் தன் எண்ணையாவது விட்டுப்போனான்.

7

அந்த இரவு வகுப்புக்குத் திரும்புகிறேன். படகில் யார் என்று கேட்ட அம்மாவுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. "சரக்குக்காரன் இருப்பான்" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. அட்டையைத் திருப்பினார். முழுக்க ருஷ்ய எழுத்து. அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரோ தமிழ் எழுத்தையே அப்போதுதான் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஆனால், அறிவொளிப் பாடத்தில் எண்கள் முடிந்திருந்தன. பொடி எழுத்துகளுக்கு நடுவே விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாகச் சத்தம்போட்டு வாசித்தார். கடைசியில் நிறைய சைபர். அந்தப் பின்புறத்தில் எங்கள் இருவராலும் வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

"இது என்ன கணக்கு சார்?"

"இந்தப் படம் இத்தனை போட்டிருக்காங்கன்னு அர்த்தம்மா."

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப நம்மள மாதிரி இத்தனை பேரு இதப் பாத்திருக்காங்களா?"

கண்காட்சியில் பில் போட்ட தோழர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அட்டை இப்போது என்னிடம் இல்லை. வகுப்பு முடிந்து போகும்போது அவர் கேட்டார், கொடுத்துவிட்டேன்.